விசில் ஊதாத அருவி

வியட்நாமுக்குப் போன மூன்றாம் நாள், மலைப்பாதையில் ஓர் அருவியைப் பார்த்ததும் என் தோழி காரை நிறுத்தச் சொல்லிவிட்டாள். அவளும் நானும் குற்றாலத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். கல்யாணமாகி இப்போது தென்காசியில் இருக்கிறோம். அருவியைக் கண்டால் அவள் சும்மா இருக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியாதா?

"ஏட்டி, நம்ம அஞ்சருவி கணக்கா விழுது பாரு. குளிக்காம போனா ஊர்ல மூஞ்சி காட்ட முடியுமா?" என்றபடி பையிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்து உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தாள்.

"இங்கன ஒருத்தரும் குளிக்கலட்டி. எல்லாரும் தள்ளி நின்னு போட்டோதான் எடுக்காவ" என்றேன்.

"அவியளுக்கு என்ன தெரியும்? ஆபத்துன்னா விசில் அடிச்சு வெளியேத்த மாட்டாவளா?"

எங்கள் ஊர்க்காரிகள் மட்டுமே சொல்லக்கூடிய பேச்சு இது. குற்றாலத்தில் தண்ணீர் கூடினால் போலீஸ் விசில் ஊதும். நாங்கள் வெளியே வருவோம். ஊதாதவரை பயமில்லை. பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டோம். இங்கே போலீஸும் இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. அது உறைத்தும் நான் அவளைத் தடுக்கவில்லை. சொன்னால் கேட்கிற ஜென்மமா அவள்!

சுடிதாரோடு போய் அருவிக்கு அடியில் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் சருகுகள் வந்தன. பிறகு சுள்ளிகள். தண்ணீர் லேசாகச் செம்மண் நிறமானது. மேலே மலையில் மழை கொட்டுகிறது என்று அர்த்தம்.

"வெளிய வாட்டி! தண்ணி செவக்குது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த இரைச்சலில் அவளுக்கு என்ன கேட்கும்? போட்டோ எடுக்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக் கையசைத்தாள் பாவி. பக்கத்தில் நின்றவர்களிடம் தமிழிலேயே கதறினேன். நாலு எட்டு வைத்தால் அவளைத் தொட்டுவிடலாம். கால் நகரவில்லை.

அங்கே சோளம் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள்தான் ஓடினார். கூடை சுமக்கும் மூங்கில் கம்பை நீட்டி, அவள் அதைப் பற்றிக்கொண்டதும் கரைக்கு இழுத்துப் போட்டார். இருவரும் மூச்சு வாங்கி நிமிர்வதற்குள், அவள் நின்ற பாறை தண்ணீருக்குள் போய்விட்டது.

துண்டைப் போர்த்திவிட்டேன். பற்கள் தந்தியடிக்க என்னையே பார்த்தாள்.

"நீ ஏன்ட்டி வரல?"

"பயந்துட்டேன்" என்றேன். மிச்சமிருந்த நாட்களில் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

தென்காசிக்குத் திரும்பியதும் அவள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ ஓடிப்போயி இழுக்கலேன்னா எம்மவ இன்னைக்கு இல்லியே!" என் தோழியேதான் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறாள். யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறாள். சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.