வாரிசு இல்லை என்று எழுதிய வீடு

எங்கள் சங்கத்தை நினைத்தாலே எனக்கு இப்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வருகிறது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் கூடுவோம். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கான பயிற்சிப் பட்டறை என்று வாசலில் பேனர் தொங்கும். உள்ளே முப்பது பேர். ஒருவருடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரத் துரைக்கு வலது கையாக இருந்திருப்பார், இன்னொருவருடையவர் குதிரையில் போயிருப்பார். யார் தாத்தாவும் மாடு மேய்த்ததில்லை, யார் தாத்தாவும் ஊரைவிட்டு ஓடிப்போனதில்லை. ஏழு வருஷம் நானும் அங்கே உட்கார்ந்து தலையை ஆட்டினேன். என் பெயர் ருக்மிணி, மதுராந்தகத்தில் ஒரு பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள். என் கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. சொல்ல வந்தது குப்பம்மாவைப் பற்றி.

குப்பம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் தேவா கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனபோது மூத்தவள் அனுவுக்கு ஆறு வயது, சின்னவள் தேவிப்பிரியா கைக்குழந்தை. சுனாமிக்குப் பிறகு தேவா பெயருக்குக் கிடைத்த ஒரு வீடு மட்டும் மிஞ்சியது. கரையில் ஏலம் விடும் மீனை எடுத்துக் கூடையில் ஐஸ் போட்டு, கல்பாக்கம் குடியிருப்புகளுக்கும் செங்கல்பட்டுக்கும் கொண்டுபோய் விற்றாள். நாறுகிறது, ஏற்றாதே என்று கண்டக்டர் சொன்னால், "உன் தலைமேலயா வெக்கப் போறேன்?" என்று கேட்டுக்கொண்டே ஏறிவிடுவாளாம். மறுபடி கட்டிக்கொள் என்று புத்தி சொன்னவர்களுக்கு அவள் கொடுத்த பதிலை அச்சில் போட முடியாது. அனுவை நர்சிங் படிக்கவைத்தாள். அனு இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள், சின்னவள் காலேஜ் போகிறாள். பதினாறு வருஷத்தில் அந்த வீட்டு அடுப்பு ஒரு நாளும் எரியாமல் இருந்ததில்லை.

இனி நாங்கள் செய்த அசிங்கத்தைச் சொல்கிறேன். எங்கள் தலைவர் கஸ்தூரிரங்கன் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கடலோரக் குடும்பங்களின் வம்சாவளியைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று அவருக்குத் திடீரென்று ஆசை வந்தது. ஆளுக்கு ஒரு குப்பம் என்று பிரித்துக்கொண்டோம். குப்பம்மாவின் குப்பம் என் தலையில் விழுந்தது.

அந்தக் குப்பத்துப் பஞ்சாயத்தில் வரி நோட்டு என்று ஒன்று உண்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் ஊருக்கு ஒரு வரி. தாலி கட்டிய அன்று அவன் பெயர் நோட்டில் ஏறும், செத்தால் கோடு போட்டு அடிப்பார்கள். மகன் இருந்தால் அவன் கல்யாணத்தன்று அடுத்த பெயர் ஏறும். விதவையின் பெயர் ஏறாது, பெண் பிள்ளைகளின் பெயரும் ஏறாது. அது ஊருக்கு வரி பிரிப்பதற்காக வைத்திருக்கிற நோட்டு, அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? இரண்டு நாள் போய் அதைப் பார்த்துக் காப்பியடித்தேன். தேவா பெயரில் கோடு இருந்தது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. எங்கள் பட்டறையில் சொல்லிக்கொடுத்தபடி பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'வாரிசு இல்லை, கிளை முடிந்தது' என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்திய கை இது. வெட்கக்கேடு.

புத்தகம் அச்சானதும் முதல் பிரதியை அந்தக் குப்பத்துப் பஞ்சாயத்துக்கே கொடுத்தனுப்பினார் கஸ்தூரிரங்கன். சுனாமி வீடுகளுக்கு யார் பெயரில் பட்டா கேட்டு எழுதுவது என்று பஞ்சாயத்து முடிவு செய்துகொண்டிருந்த நேரம் அது. தேவாவின் அண்ணன் இருசப்பனுக்குப் புத்தகம் லட்டு மாதிரி கிடைத்தது. என் தம்பி வம்சம் முடிந்துவிட்டது, படித்தவர்களே எழுதிவிட்டார்கள், வீடு எனக்குத்தான் என்று கூட்டத்தில் விரித்துக் காட்டியிருக்கிறான்.

எங்கள் ஆண்டு விழா நாளன்று குப்பம்மா மண்டபத்துக்கு வந்தாள். விற்று முடித்த கூடையோடு வந்தாள். கூட தேவிப்பிரியா. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரவேற்பில் நின்ற சங்கத்துப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூடையைக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். கீழே வைத்துவிட்டு வந்த பிறகும் பொத்திய கையை எடுக்கவில்லை. முதல் நாள் மத்தியானம் இதே பெண்களில் இருவர் வஞ்சிரம் விலை பேசியதை நான் என் காதால் கேட்டேன். தேவிப்பிரியா என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

குப்பம்மா நேராகத் தலைவரிடம் போனாள். மகள்களின் பிறப்புச் சான்றிதழ்களை நீட்டினாள்.

"சாரே, ரெண்டு பொண்ணு கீது எனக்கு. இல்லன்னு எழுதிக்கீறீங்களாமே. மாத்திக் குடுங்க. வர்ற ஞாயித்துக்கெழம பஞ்சாயத்து. அதுக்குள்ள மாத்தலன்னா எங்கள வூட்ட விட்டு வெளிய அனுப்பிடுவாங்க."

கஸ்தூரிரங்கன் சான்றிதழைக் கையில்கூட வாங்கவில்லை. "முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. பெண் குழந்தைகள் இன்னொரு வீட்டுக்குப் போறவா. வம்சாவளி ஆண் வழியாத்தான் போகும். எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லை."

"சாரே, அப்போ வாசல்ல மாட்டி வெச்சிக்கீறது யாரு?" என்று கேட்டது தேவிப்பிரியா.

வாசலில் ஆறடி உயரத்துக்கு அவருடைய சொந்த வம்சாவளியைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம். பதினோரு தலைமுறை. அடியில் அவர் பெயர், அதற்குக் கீழே ஒரே மகள் மீரா, கலர் போட்டோவோடு. மீராவுக்குக் கீழே இரண்டு பேரன்கள். பெருக்கல் குறி எங்கேயும் இல்லை. அந்தப் பெண் ஒவ்வொரு பெயராகத் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். மண்டபத்தில் முப்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அது வேற, இது வேற" என்றார் அவர். பிறகு, "அடுத்த பதிப்புல பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சிறப்பு விருந்தினரை வரவேற்கப் போனார். செயலாளர் பத்ரி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். கேசரி, வடை என்று எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே. தூ என்று துப்பலாம் போல இருந்தது. யார்மேல் துப்புவது, அந்த வரிசையில் நானும் தட்டோடு நின்றேனே. குப்பம்மா சாப்பிடாமல் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் குப்பத்துக்குப் போனேன். அங்கே சபையில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. டீச்சர் என்பதால் விட்டார்கள். குப்பம்மா ஓரமாகச் சின்னவளோடு நின்றாள். பஞ்சாயத்துத் தலைவர் பூபாலன் மடியில் எங்கள் புத்தகம்.

"இதை எழுதினது நான்தான். எழுதினது தப்பு" என்றேன்.

"தப்புன்னு எத்த வெச்சி சொல்றீங்க டீச்சரம்மா? நோட்டுல அடிச்சித்தான கீது. உங்க தலைவரு கையெழுத்துப் போட்டு எதுனா குடுத்தாரா?"

"குடுக்கல."

இருசப்பன் சிரித்தான். அதற்கு மேல் மறைத்துவைக்க என்னால் முடியவில்லை.

"அன்னைக்கு நோட்டைப் பார்த்து எழுத நிழல் இல்லைன்னு இவங்க வீட்டுலதான் உக்காந்தேன். குப்பம்மா விக்கப் போயிருந்தாங்க. இந்தப் பொண்ணுதான் பாய் போட்டு உக்காரவெச்சு டீ போட்டுக் குடுத்தா. நான் அவ பேரைக்கூடக் கேக்கல. அந்த டீயைக் குடிச்சுக்கிட்டேதான் வாரிசு இல்லைன்னு எழுதினேன்."

பூபாலன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பொண்ணு குடுத்த டீயக் குடிச்சிக்கினே, இந்த வூட்ல ஆளே இல்லன்னு எழுதுனீங்களா?"

"ஆமா."

அவர் என்னை விட்டுவிட்டு இருசப்பனிடம் திரும்பினார். "ஆளு இல்லாத வூட்ல டீ யார்றா போட்டது? போ, போயி உன் வேலையப் பாரு."

பட்டாவுக்குக் குப்பம்மா பெயரையே எழுதி அனுப்புவது என்று முடிவானது.

குப்பம்மா என்னோடு பஸ் நிறுத்தம் வரை வந்தாள். கல்பாக்கம் வண்டி எப்போது வரும் என்று சொன்னாள், வெயில் ஏறுகிறது, முக்காடு போட்டுக்கொள் என்றாள். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அவள் வீடு அங்கிருந்து நாலாவது வீடு. வந்து உட்கார் என்று அவள் கூப்பிடவில்லை.