டிரைவர் ஞானமுத்துவும் பட்டாணியின் காதும்

செய்தி வந்தபோது நான் புக்கிங் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வரவேண்டிய எங்கள் வண்டி இன்னும் வந்துசேரவில்லை. அதன் கண்டக்டர் மட்டும் மழையில் நனைந்தபடி ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மணியண்ணே, செண்பகனூர் வளைவுல நம்ம ஞானமுத்து அண்ணன் அடிபட்டுட்டாருண்ணே. நம்ம வண்டியிலதான்" என்றான். உயிர் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் கம்பியை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இந்த ரூட்டில் போய்வரும் உங்களில் பலர் அடக்கத்துக்கு வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் நடந்ததையும் பார்த்திருப்பீர்கள். விபத்தன்று வண்டியை ஓட்டிவந்த செல்வராசு கையில் மாலையோடு வந்தான். இரண்டு பேர் அவன் சட்டையைப் பிடித்துத் தள்ளினார்கள். "ஹாரன்கூட அடிக்காம ஒரு பெரிய மனுசனைக் கொன்னுட்டு மாலை வேற கொண்டாந்தியா?" என்று கத்தினார்கள். "அடிச்சேங்க, சாமி சத்தியமா அடிச்சேங்க. ஹாரன் மேல ஹாரன் அடிச்சேன். அவரு திரும்பிக்கூடப் பாக்கல. ஒதுங்கிருவாருன்னு நெனச்சேன், பிரேக் போட்டப்ப ரோடு வழுக்கிருச்சு" என்று அவன் குழந்தைபோல அழுதான். வண்டியில் வந்தவர்களும் ஹாரன் சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னார்கள். உடனே பேச்சு வேறு பக்கம் புரண்டது. தனிக்கட்டை மனுசன், வாழ்க்கை வெறுத்துப்போய் வேண்டுமென்றே நடுரோட்டில் நின்றுவிட்டார் என்றார்கள். இரண்டு பேச்சும் பொய். உண்மை இந்த ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்த வாக்கைத்தான் இப்போது உடைக்கப்போகிறேன்.

ஞானமுத்து அண்ணன் எங்கள் பஸ் கம்பெனியில் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். யுத்த காலத்தில் மிலிட்டரி லாரி ஓட்டியவர். மனைவி முன்பே தவறிவிட்டார், பிள்ளைகள் கிடையாது. நாயுடுபுரத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஆரம்பத்தில் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. பின்னாலிருந்து எத்தனை தரம் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பயணிகள் ஏதாவது கேட்டால் பதில் வராது. கண்டக்டர்களுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு: "விசில் ஊதாத. பக்கத் தகரத்தைத் தட்டு." மகாராஜாவுக்கு விசில் சத்தம்கூட ஆகாது போலிருக்கிறது என்று நாங்கள் கேலி பேசுவோம். முகத்துக்கு நேரே நின்று பேசினால் மட்டும் நல்ல மரியாதையாகப் பதில் சொல்வார்.

அவரோடு பழக்கம் ஏற்பட்டதே ஒரு நாயால்தான். என் மனைவியின் அக்கா பேச்சியம்மாளுக்குப் பூம்பாறையில் பூண்டுக்காடு. அவர் வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. தாய் காட்டுக்குக் காவல் இருக்கும் சாதாரண நாய். தகப்பன் யாரோ துரை வீட்டுக் குட்டைக்கால் சடைநாய் என்று ஊரில் பேச்சு. இதை ஆபீசில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த ஞானமுத்து அண்ணன், "எனக்கு ஒண்ணு வேணும் தம்பி. கூட வர்றியா?" என்று கேட்டார். லீவு நாளில் பூண்டு ஏற்றப்போன லாரியில் இரண்டு பேரும் போனோம். பையில் எதையோ சுருட்டி வைத்திருந்தார். வாழைப்பழம் என்று நினைத்தேன். எடுத்தால், ரப்பர் ஹாரன்!

"நீ அந்தக் கொட்டகைக்குப் பின்னாடி போயி நின்னுக்க. நான் கையைத் தூக்கினா ஒருதரம் அமுக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மிரளாத நாயாகப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு அமுக்கினேன். எட்டிப் பார்த்தபோது குட்டிகள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியிருந்தன. கொழுத்த கறுப்புக் குட்டி வீடே அதிரக் குரைத்தது. எல்லாவற்றிலும் சிறிய ஒன்று, செம்பட்டை நிறம், அப்படியே உட்கார்ந்திருந்தது. சத்தம் வந்த பக்கம் ஒரு காதைத் தூக்கியது. பிறகு தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தது. அவர் திரும்பத் திரும்ப என்னை அமுக்கச் சொன்னார். ஒவ்வொரு தரமும் அது காதைத் தூக்கிவிட்டு அவரைத்தான் பார்த்தது.

"அண்ணே, அது சோப்ளாங்கி. பாலுகூட ஒழுங்கா குடிக்காது. அந்தக் கருவாயனைக் கொண்டுபோங்க, வாசல்ல ஒரு பய நெருங்க மாட்டான்" என்றார் பேச்சியம்மாள்.

"குரைக்கிற நாய் எனக்கு வேணாம் தாயி. நம்மளைப் பாக்குற நாய்தான் வேணும்" என்று அவர் அதைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். திரும்பும்போது லாரியில் நான் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். குட்டி அவர் நெஞ்சில் தூங்கிக்கொண்டே வந்தது. "பஸ் கம்பெனி கிளார்க்கைவிட இது தேவல" என்றார். ஒரு பட்டாணி அளவுதான் இருக்கிறது என்று நான் சொன்னதால் அதற்குப் பட்டாணி என்றே பெயர் வந்தது.

பிறகு வந்த வருடங்களில் அந்த வண்டியில் போனவர்கள் எல்லோரும் பட்டாணியைப் பார்த்திருப்பீர்கள். கியர் கம்பிக்குப் பக்கத்தில் மடித்த சாக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். வளைவு வரும்போது காதைத் தூக்கி அவரைப் பார்க்கும். அவர் ரோட்டிலிருந்து ஒரு கண்ணை மட்டும் அதன்பக்கம் ஓட்டி, "கேட்டுருச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஓரம் கட்டுவார். அதன் பிறகுதான் அது தலையைக் கீழே போடும். நாயோடு பேசிக்கொண்டே ஓட்டுகிற டிரைவர் என்று முன்சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். முதலாளி முதலில் முகம் சுளித்தார். எங்கள் வண்டிகளில் உரசல்கூட இல்லாமல் ஓடுவது இது ஒன்றுதான் என்று தெரிந்ததும் பேசாமல் விட்டுவிட்டார்.

அவர் அந்த நாயைப் பார்த்துக்கொண்டதைப் போலச் சிலர் பெற்ற பிள்ளையைக்கூடப் பார்ப்பதில்லை. வெள்ளனே வண்டி எடுக்குமுன் அதற்குத் தண்ணீர் மட்டும்தான். வத்தலக்குண்டில் இறங்கிய பிறகு சோறும் பாலும். கீழே வெயில் அதற்கு ஆகாது என்று சாக்கை நனைத்துப் போடுவார். மழைக்காலத்தில் விரலிடுக்கில் ஏறும் அட்டையை உப்பு வைத்து எடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலே காது. தினமும் சாயங்காலம் அதை மடியில் மல்லாத்தி, பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுக் காதுக்குள் துடைத்து, உண்ணி இருக்கிறதா என்று ஒவ்வொரு மடிப்பாகப் பார்ப்பார். மார்கழிப் பனிக்குத் தன் மப்ளரையே வெட்டி அதன் காதைச் சுற்றிக் கட்டினார். "உங்க காதை என்னைக்காவது இப்பிடிச் சுத்தம் பண்ணியிருக்கீங்களாண்ணே?" என்று கிண்டல் செய்தேன். "என் காது கெடக்கு. இதுதான் முக்கியம்" என்றார். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஒருமுறை பட்டாணிக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. அது குணமாகும்வரை வண்டி எடுக்க முடியாது என்று லீவு எழுதிக் கொடுத்தார். முதலாளி ஆபீசில் குதித்தார். "நாய்க்குக் காது வலின்னா டிரைவருக்கு லீவாய்யா?" என்றார். ஞானமுத்து அண்ணன் அவர் முகத்தைப் பார்த்து, "ஆமாங்க" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆபீசில் எவ்வளவு காலம் சிரித்திருப்போம்!

இன்னொரு நாள், பெருமாள்மலைக்குக் கீழே நல்ல மூடுபனி. நானும் வண்டியில் இருந்தேன். எதிரே எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் "கேட்டுருச்சுப்பா" என்று வண்டியைப் பாறையோரம் ஒதுக்கி நிறுத்தினார். "வெரசா போவாம இங்க என்ன சோலி?" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். சற்று நேரத்தில் விளக்கு இல்லாமல் ஒரு மரலாரி வளைவைத் திரும்பி எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது. இறங்கும்போது ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குப் பாம்புச் செவிப்பா" என்றார். அன்றிலிருந்து ரூட் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான். அவர் அதைக் கேட்டு ஒருநாளும் சிரித்ததில்லை.

அறுபதுகளில் ஒருநாள், வண்டியை நிறுத்திவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குள் வந்தார். பட்டாணிக்கு அப்போது மூஞ்சியெல்லாம் நரைத்துவிட்டது. சாவியை என் மேசைமேல் வைத்தார்.

"பட்டாணிக்குக் காது மந்தமாயிருச்சு தம்பி. இன்னைக்கு ஒரு ஜீப்பு திரும்புச்சு. இது தூங்கிக்கிட்டே இருக்கு. கல்லுல மோதி நின்னுட்டேன். யாருக்கும் ஒண்ணும் இல்ல. இனிமே நான் வண்டி எடுக்க மாட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். "நாய்க்குக் காது போனா நீங்க ஏண்ணே வண்டியை விடறீங்க?"

அவர் என்னையே பார்த்தார். "எனக்கு எப்பவோ போச்சுப்பா" என்றார்.

யுத்தத்தில் குண்டு விழுந்த சத்தத்தில் கெட்ட காதுகள். கொஞ்சம் கொஞ்சமாக அடைந்து, நாயை வாங்கும்போது முகத்தைப் பார்த்தால்தான் பேச்சு புரியும் என்ற நிலைக்கு வந்திருந்தார். விசில் கேட்காது, தகரத்தைத் தட்டினால் ஸ்டியரிங்கில் அதிர்வு தெரியும். எதிர்வண்டியின் ஹாரனுக்குத்தான் பட்டாணி. வேறு தொழில் தெரியாத மனுசன், ஓர் உயிரின் காதை இரவல் வாங்கி அத்தனை வருடமும் அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறார். கேட்டபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மனைவியும் மக்களும் ஏறிய வண்டி அது. "அது அசந்து தூங்கியிருந்தா அம்புட்டுப் பேரும் பள்ளத்துல கெடந்திருப்போமேண்ணே!" என்று கத்தினேன். என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். தலையைக் குனிந்து நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லாத. ஏறுனவுங்க எல்லாம் என்னை நம்பி நிம்மதியா தூங்கியிருக்காங்க. அந்தத் தூக்கத்தை இப்பப் போயிக் கெடுக்காத." வண்டியை விட்டுவிட்டவர்தானே, இனி யாருக்கு என்ன கெடுதல் என்று நானும் சரி என்றேன்.

பட்டாணி செத்த பிறகு அவர் இன்னும் ஒடுங்கிப்போனார். காலையில் பழைய ரூட்டிலேயே செண்பகனூர்வரை நடந்துவிட்டு வருவார். "ரோட்டுல நடக்கிறதுக்காவது ஒரு நாய் வெச்சுக்கங்க" என்று பார்க்கும்போதெல்லாம் சண்டை போடுவேன். "ஒண்ணு என் பாரத்தைச் சுமந்தது போதும்" என்பார். கடைசியில் போன மாதம்தான் மனசு இறங்கினார். மறுபடியும் பூம்பாறை, மறுபடியும் அதே ரப்பர் ஹாரன். நான் கொட்டகைக்குப் பின்னால் நின்று அமுக்கினேன். வெள்ளையும் செம்பட்டையுமாக ஒரு பொடிக்குட்டியைக் காட்டினார். "பால்குடி மறக்கட்டும்ணே, அடுத்த மாசம் வாங்க" என்றார் பேச்சியம்மாள். அண்ணன் ஒரு பழைய மப்ளரைத் துவைத்து மடித்து அதற்காக எடுத்து வைத்திருந்தார். சாவுக்குப் பிறகு அறையைத் திறந்தபோது அது கட்டில்மேல் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு, அவர் சாகத்தான் ரோட்டில் நின்றார் என்று என்னிடம் யாராவது சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

அவர் ஹாரனைக் கேட்கவில்லை. கேட்க அவருக்குக் காது இல்லை. செல்வராசு செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான். அந்த மழைத்தரையில் வேறு எவனாலும் வண்டியை நிறுத்தியிருக்க முடியாது. இதைப் போலீசிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். செல்வராசு வீட்டுக்குப் போய் அவனிடமும் சொன்னேன். "நெசமாவாண்ணே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருடைய வண்டியில் ஏறியவர்களுக்கு இதைப் படித்துக் கோபம் வரும். வரட்டும், எனக்கும் இன்னும் தீரவில்லை. அவரை நினைத்தால் பாசமும் கோபமும் சேர்ந்தேதான் வருகிறது. அண்ணே, நீங்கள் கேட்டுக்கொண்டபடி வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நாங்கள் பழைய தூக்கத்தை இழந்தால் பரவாயில்லை, செல்வராசு இனித் தூங்க வேண்டும்.

பால்குடி மறந்த குட்டியை நான்தான் போய் வாங்கிவந்தேன். அவருடைய மப்ளரின்மேல், என் மேசைக்கு அடியில் கிடக்கிறது. கீழே வளைவில் வண்டி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் ஒரு காதைத் தூக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் நான் பதில் சொல்லும்வரை அது பார்வையை எடுப்பதில்லை. டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து, "கேட்டுருச்சுப்பா" என்கிறேன். அதன் பிறகுதான் தலையைக் கீழே போடுகிறது.