மீனலோசனி வேலையை விட்ட மூன்று நாள்

வேலணைப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கமொன்றில் மீனலோசனி ஏழு வருடமாக இலிகிதர். நிரந்தர வேலை, சேமலாப நிதி உண்டு. காலையில் வரும் தபாலைப் பிரித்துப் பதிந்து மனேச்சர் மேசையில் வைப்பது அவளுடைய முதல் கடமை. கந்தோரில் விசிறி கிடையாது. அவளுடைய கதிரைக்கு ஒரு கால் கட்டை. கீழே செங்கல் துண்டு வைத்திருந்தார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது செத்தவீடுதான்.

அங்கத்தவர் யார் செத்தாலும் மனேச்சர் அரியநாயகம் கந்தோரைப் பூட்டிவிடுவார். எல்லாரும் போகவேண்டும். ஸ்டோர் கீப்பர் இளையதம்பி கதிரையும் வாங்குப் பலகையும் சுமப்பார், மனேச்சரே தேத்தண்ணி கொடுப்பார். அங்கத்தவர் என்றால் தீவில் முக்கால்வாசிப் பேர், அதிலும் பாதி கிழடுகள். ஒரு கடிதத்துக்குப் பதில் போவதற்குள் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

எண்பத்து நாலாம் ஆண்டு வைகாசி வெயிலில் ஊர்காவற்றுறை இறால் கம்பனியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. வாசலுக்கு வான் வரும், மத்தியானச் சாப்பாடு உண்டு, தலைக்கு மேலே விசிறி. ஆனால் நிரந்தரம் என்ற பேச்சே கடிதத்தில் இல்லை.

"விசிறிக்காக ஆரும் நிரந்தர வேலையை விடுவினமோ?" என்றாள் தாய் யோகம்மா.

"எனக்குத்தானே அம்மா வேர்க்குது."

அரியநாயகத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை விலகல் கடிதத்தைத் தபாலில் போட்டாள். செவ்வாய்க்கிழமை வானில் ஏறினாள்.

கம்பனி சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. விசிறி சுற்றியது. சாப்பாடு மணியடித்து வந்தது, இருபது நிமிடத்தில் மணியடித்துப் போனது. பக்கத்து மேசைக் கிறேசம்மாவோடு பேச வாயெடுத்தால் அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

வியாழக்கிழமை காலை கிறேசம்மாவுக்குச் செய்தி வந்தது. கரம்பொனில் அவளை வளர்த்த பெரியப்பா யாகப்பு செத்துப்போனார். கம்பனி மனேச்சர் கெட்டவரில்லை. நாலு மணிக்கு லொறி போகட்டும், பிறகு வானிலேயே கொண்டுபோய் விடுகிறோம் என்றார். பெரிய மலர்வளையத்துக்கும் சொன்னார். ஒருவரும் எழும்பவில்லை. கிறேசம்மா மூக்கைத் துடைத்துத் துடைத்து இறால் நிறை எழுதிக்கொண்டிருந்தாள். மீனலோசனிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஏழு வருடமாகப் புறுபுறுத்ததை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

நாலு மணிக்கு அவளும் கூடவே வானில் ஏறினாள். போய்ச் சேரும்போது பெட்டியைத் தூக்க ஆயத்தமாகிவிட்டார்கள். முற்றத்தில் தேத்தண்ணித் தட்டோடு நின்றவர் அரியநாயகம். யாகப்பும் சங்கத்து அங்கத்தவர்! வாங்கு நிறையக் கந்தோர் ஆட்கள். செத்தவீட்டில் யாரும் வா என்று கூப்பிடுவதில்லை. இளையதம்பி தள்ளியிருந்து இடம் விட்டார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாகப்புவை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, திட்டு வாங்கத் தயாராக மனேச்சரிடம் போனாள்.

"என்ன பிள்ளை, காய்ச்சல் சுகமோ?" என்றார் அவர். "மூண்டு நாளாக் காணேல்லை. நாளைக்கு வந்து பார்ப்பம் எண்டிருந்தனாங்கள்."

"ஐயா, என்ரை கடிதம்..."

"என்ன கடிதம்? தபால் எல்லாம் அப்பிடியே உம்மடை மேசையிலதான் கிடக்கு. அதைப் பிரிக்கிறது நீர்தானே."

மறுநாள் அவள் சைக்கிளில் கந்தோருக்குப் போனாள். வியர்த்து வழிய, செங்கல் முட்டுக் கொடுத்த கதிரையில் இருந்து தபாலைப் பிரித்தாள். மூன்றாவதாகத் தன் கையெழுத்து வந்தது. பதிவுப் புத்தகத்தில் அதை மட்டும் ஏற்றவில்லை. நாலாக மடித்து, மத்தியானம் வரைக்கும் விசிறிக்கொண்டிருந்தாள்.