தணிகாசலம் சொன்னதில் பாதி

செய்தி வந்தபோது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில், ஷேர் ஆட்டோ நிரம்புவதற்காக உட்கார்ந்திருந்தேன். எங்கள் தொழிற்சாலையின் மின்பராமரிப்பு சூப்பர்வைசர் தணிகாசலம், வாலாஜாபாத்தில் தன் வீட்டில், விடியற்காலை மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ஒரகடம் போய்ச் சேர்வதற்குள் கும்பிடும் கைகள் திரை நிறைய வந்துவிட்டன. அவரைப் பற்றி ஒருநாளும் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டிராதவர்களின் கைகள்தான் அதில் அதிகம். நான் எதுவும் போடவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தொழிற்சங்கச் செயலாளர் பாலு வந்தார். "அக்கா, சாருக்கு ஒரு நினைவு மலர் போடறோம். நீங்கதான் அவரோட ஒரே ரூம்ல வேலை பாத்தவங்க. நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க."

"நல்லதா வராது, பாலு."

"வர்றத எழுதுங்க."

வந்ததை எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள் என்பதால் பூசி மெழுகத் தேவையில்லை. தணிகாசலத்தை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. கட்டடப் பராமரிப்பும் தொழிற்சாலைக்குள் ஓடும் வண்டிகளும் என் பொறுப்பு, மின்சாரம் அவருடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. நான் எழுந்து வெளியே போனால், திரும்பி வருவதற்குள் என் ஃபேனை நிறுத்தியிருப்பார். கேட்டால், "ஆள் இல்லாத சீட்டுக்குக் காத்து எதுக்கு?" என்பார். அவர் மேஜை மேல் ஃபேன் அவர் இல்லாதபோதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

பேட்டரி வண்டி விவகாரத்தில்தான் முதல் பெரிய சண்டை. வெளிநாட்டு விருந்தினரை ஷெட் ஷெட்டாகச் சுற்றிக் காட்டுவதற்காக வாங்கிய கோல்ஃப் வண்டிகள் அவை. லைட், ஹாரன், விளக்கம் சொல்ல ஒரு மைக் எல்லாம் வேண்டும் என்றார்கள். மறைமலை நகரிலிருந்து ஒரு கடைக்காரரை அழைத்துப் பொருத்த வைத்தேன். சீட்டுக்கு அடியில் ஆறு வோல்ட் பேட்டரிகள் எட்டு வரிசையாக இருக்கும், சேர்ந்து நாற்பத்தெட்டு வோல்ட். லைட்டுக்கும் மைக்குக்கும் பன்னிரண்டு போதும். கடைக்காரர் எட்டில் இரண்டிலிருந்து மட்டும் வயர் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் எரிந்தது, பேசியது. எனக்கு நிம்மதி.

விருந்தினர் வரும் நாளுக்கு முந்தின சாயங்காலம் தணிகாசலம் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். கட்டிங் பிளேயரை எடுத்து எல்லா வயரையும் நறுக்கிவிட்டார்.

"சார், என்ன பண்றீங்க? நாளைக்குக் காலையில கெஸ்ட் வராங்க."

"வரட்டும். ரெண்டு பேட்டரிய மட்டும் உறிஞ்சினா அது ரெண்டும் சோந்து பூடும். சார்ஜ் போடும்போது மீதி ஆறும் வெந்துகினு இருக்கும். எவன்மா இவனுக்கு வேலை குடுத்தது?"

"நான்தான்."

"அதான பாத்தேன்."

சுற்றிலும் ஆறேழு பேர் நின்றார்கள். விருந்தினர் மறுநாள் மைக் இல்லாத வண்டியில் போனார்கள். விளக்கம் சொன்னவர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். மெமோ எனக்கு வந்தது. பேட்டரி விஷயத்தில் அவர் சொன்னது சரி. வயரை விருந்தினர் போன பிறகு நறுக்கியிருக்கலாம் என்று நான் சொன்னதும் சரி. ஒரே ஒரு நாளில் எந்தப் பேட்டரியும் செத்திருக்காது. அது அவருக்கும் தெரியும்.

அந்த வாரமே கன்வெர்ட்டர் வாங்கி அவரே பொருத்தினார். நான் நகராமல் பக்கத்தில் நின்றேன். இனி யார் கேட்டாலும் எனக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று. அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. எட்டு பேட்டரியின் இரண்டு கடைசி முனைகளிலிருந்து வயர் எடுத்து, வழியில் ஃப்யூஸ் வைத்து, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும்படி கன்வெர்ட்டரை மாட்டினார். நாற்பத்தெட்டு உள்ளே போய்ப் பன்னிரண்டாக வெளியே வந்தது. வெளியே வரும் வயரிலும் ஒரு ஃப்யூஸ். ஒன்று போதாதா என்று கேட்டேன். "இது சாவறதுக்குன்னே வெச்சது. இது செத்தாதான் மத்தது பொழைக்கும்," என்றார். என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார்.

அடுத்த கோடையில் நிர்வாக அதிகாரிக்கு விருந்தினர் வண்டியில் ஃபேன் வேண்டும் என்று தோன்றியது. தணிகாசலம் முடியாது என்றார். அந்தக் கன்வெர்ட்டர் அதைத் தாங்காது என்றார். அவர் விடுப்பில் இருந்த நாளில் வெளியாளை வைத்து இரண்டு ஃபேன் மாட்டிவிட்டார்கள். வண்டி ஓட்டியவன் இசக்கி, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், கான்ட்ராக்டில் இருந்தான். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று என் முன்னாலேயே அதிகாரியிடம் சொன்னான். "எப்படியாவது ஓட்டுப்பா, கெஸ்ட் நிக்கிறாங்க," என்றார் அவர். இசக்கி ஃப்யூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கி வைத்துவிட்டான். ஃபேன் சுற்றியது.

ஒருநாள், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் கை வெட்டுப்பட்ட ஒருவரை அதே வண்டியில் இசக்கி ஏற்றிக்கொண்டு முதலுதவி அறைக்குப் போகும் வழியில், சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. கையைத் துணியால் கட்டியிருந்த அந்த மனிதர் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துக் கீழே விழுந்தார். மிச்ச தூரம் இசக்கி அவரைத் தாங்கிக்கொண்டே நடந்தான். கன்வெர்ட்டர் பெட்டி உருகிப்போயிருந்தது.

விசாரணைக்கு முன் தணிகாசலத்திடம் போனேன். நானாக அவரிடம் போய்க் கேட்டது அது ஒன்றுதான்.

"கன்வெர்ட்டர் தானா சூடாயிடுச்சுன்னு சொல்லிடுங்க சார். நீங்க சொன்னா நம்புவாங்க. பையன் பொழைச்சுப்பான்."

"நீ வேணா சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

சொல்லவில்லை. விசாரணை அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஃப்யூஸ் இருந்த இடத்தில் கம்பி இருந்தது, வைத்தது இசக்கி. ஃபேன் மாட்டியது தன் பேச்சை மீறி. மாட்டச் சொன்னது யார் என்பதையும் எழுதுங்கள் என்றார். நானும் உள்ளே இருந்தேன்; என் காதால் கேட்டதைச் சொல்லத் தொடங்கினேன். உங்களைக் கேட்கும்போது சொல்லுங்கள் என்றார்கள். கடைசிவரை கேட்கவில்லை.

திங்கட்கிழமை கேட்டில் இசக்கியின் கார்டு வேலை செய்யவில்லை. கான்ட்ராக்ட் ஆளுக்கு அவ்வளவுதான் உத்தரவு. பையோடு வெளியிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டான்.

அன்று அறையில் கேட்டேன். "அவன் வேலை போயிடுச்சு, சார்."

"போச்சு."

"அவ்ளோதானா?"

"இன்னிக்கி அவனுக்காகப் பொய் சொன்னா, நாளைக்கி இன்னொருத்தன் கம்பி வெப்பான். அப்ப பொகை மட்டும் வராது. வண்டியோட எரியும்."

இந்தப் பதிலை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். பதிலில் தப்பில்லை. ஆனால் முழு உண்மையை அந்த விசாரணை மேஜையில் வைத்தால், தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள் என்று, அத்தனை வருடம் அங்கே இருந்தவருக்குத் தெரியாதா? அந்தப் பாதி யார் தலையில் விழும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்தும் சொன்னார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விசாரணை அறிக்கையில் கையெழுத்துக் கேட்டு வந்தபோது அவர் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "நான் சொன்னதுல பாதிதான் இதுல கீது. மீதியப் போட்டுக் குடுங்க, போடறேன்." அவர்கள் திரும்ப வரவில்லை. அறிக்கை அவர் கையெழுத்து இல்லாமலே மேலே போய்விட்டது. அதற்குப் பிறகு பதவி உயர்வுப் பேச்சில் அவர் பெயர் வரவே இல்லை. உங்களில் பலர் இதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் அவர் கையெழுத்துப் போடாததால் இசக்கிக்கு வேலை ஒன்றும் திரும்பி வந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறகு நாங்கள் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளை மட்டும் பேசினோம். ஒருநாள், தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அந்தப் பையன் இப்ப எங்க கீறான்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எதுக்கு?" என்றேன்.

மறுபடி கேட்கவில்லை. இன்று கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

கேன்டீனில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று நிர்வாக அதிகாரி பேசினார். தணிகாசலத்தின் நேர்மை நம் எல்லோருக்கும் பாடம் என்றார். பலர் தலையாட்டினீர்கள். எனக்கு அந்த நிமிடம் தணிகாசலத்தின் மேல் இருந்ததைவிட உங்கள் மேல் அதிகக் கோபம் வந்தது. எழுந்து வெளியே வந்து இசக்கிக்கு போன் செய்து, தணிகாசலம் இறந்ததைச் சொன்னேன். அவன் இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான்.

"அதை எதுக்கு எங்கிட்ட சொல்லுதீக?" என்றான். பிறகு, "செத்துட்டா நல்லவராயிருவாரோ?" என்றான்.

"நான் அவரப் பத்தி எழுதணும்டா. உன் பேர் போடலாமா?"

"போடுங்க. கம்பி வச்சது நாந்தாம்க்கா, இல்லங்கல. ஆனா ஓட்டச் சொன்னவுக பேச்சு எங்கயும் வரலல்லா? அதையும் சேத்துப் போடுங்க."

தணிகாசலத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் அவரோடு போகவில்லை. அது என்னிடம் இருக்கிறது. அதோடு, அவர் அந்த மேஜையில் சொல்லி யாரும் எழுதாமல் விட்ட மீதிப் பாதியும் என்னிடம் இருக்கிறது. அவருக்கு நான் செலுத்த வேறு அஞ்சலி எதுவும் இல்லாததால் அதை இங்கே எழுதுகிறேன். வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்ன பிறகும் அந்த வண்டியில் ஃபேன் மாட்ட வைத்தவர் நிர்வாக அதிகாரி. ஃப்யூஸ் போகிறது என்று ஓட்டுநர் சொன்னபோது, எப்படியாவது ஓட்டு என்று என் முன்னாலேயே சொன்னவரும் அவரே.

பாலு, இந்த வரிகளை எடுத்துவிட்டுத்தான் மலர் போட முடியும் என்றால், என் பெயரையும் எடுத்துவிடு.