எண் இல்லாத வரிசை

ஒரு அடைப்புக்குறி என்னை இவ்வளவு கோபப்படுத்தும் என்று நான் நினைத்ததே இல்லை. என் லேப்டாப்பில் சொன்ன பேச்சைக் கேட்ட ஸ்கிரிப்ட், தறிமேல் இருந்த சின்னப் பெட்டிக்குள் போனதும் முதல் வரியிலேயே படுத்துக்கொண்டது. இந்த இடத்தில் அடைப்புக்குறியை எதிர்பார்க்கவில்லை என்று ஒரு பிழைச் செய்தி. நானும்தான் இதை எதிர்பார்க்கவில்லை.

காஞ்சிபுரத்தில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். எந்த இழை எப்போது மேலே எழவேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்தப் பெட்டி. முன்பு துளை போட்ட அட்டைகள் செய்த வேலை. அடுத்த தெருவில் நெய்கிற பெண்ணின் பெட்டி, கல்யாணப் புடவை பாதியில் இருக்கும்போது உயிரை விட்டது. புதுப் பெட்டி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். முகூர்த்தத்துக்குப் பதினோரு நாள்தான். நடுவில் முதலாளி யாரும் இல்லாமல், பெண் வீட்டார் நேராக அவளிடமே நெய்யக் கொடுத்த முதல் புடவை அது. இது தவறினால் இன்னொருவர் அவளை நம்பி வரமாட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? நாளைக்கே ஓட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என்னிடம் கிடந்த ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டை அந்தப் பெட்டிக்குள் வைத்தேன். அதில் இடம் குறைவு. கட்டளைகளைப் படித்து நடத்துகிற ஷெல்லும் ரொம்பச் சிக்கனமானது. அர்ரே என்பதே அதற்குத் தெரியாது. பல பெயர்களை ஒரே தலைப்பின் கீழ் அடுக்கிவைத்து, நாலாவதை எடு என்று கேட்கிற வசதிதான் அர்ரே. எனக்கு வேண்டியதும் அதுதான். புடவையின் உடலில் ஐந்து புட்டாக்கள், அதாவது சின்னச் சின்ன உருவங்கள், முறைவைத்து வரவேண்டும். அன்னம், ருத்ராட்சம், மயில், யாளி, மாங்காய், மறுபடியும் அன்னம்.

சரி போ என்று, ஐந்து தனித்தனிப் பெயர்களுக்கு வாலில் எண் ஒட்டி, ஒரு பொய் அர்ரே செய்தேன். ஓடியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிலிருந்து தொடங்க என்று அவளிடம் கேட்டதற்கு, இரண்டு முடிந்தது, மூன்றிலிருந்து விடு என்றாள். மூன்று என்று தட்டினேன். குறுக்கே எட்டு ஊடை இழை ஓடியிருக்கும், அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். மயிலின் கால் வரவேண்டிய இடத்தில் யாளியின் நகம்.

பழக்கதோஷம். அர்ரே என்றால் பூஜ்யத்திலிருந்து எண்ணியே வளர்ந்த கை எனக்கு. என் மூன்று அவளுக்கு நாலு. இந்த ஊரில் யார் பூஜ்யத்திலிருந்து புட்டா எண்ணுவார்கள்? அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. குனிந்து ஒவ்வொரு ஊடையாகப் பிரித்தாள்.

"இன்னொரு வாட்டி பிரிச்சா பாவு தாங்காதுக்கா," என்றாள், நெடுக்கே கட்டியிருந்த இழைகளைத் தடவிக்கொண்டே.

வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பக்கத்துத் தறியைப் பார்த்தேன். அவள் கணவருடைய தறி, இன்னும் அட்டைதான். அவர் மிதிக்க மிதிக்க, முன்னால் இருந்த அட்டை தன் வேலையை முடித்துக்கொண்டு பின்னால் போனது. அடுத்தது முன்னால் வந்தது. எல்லாம் சேர்த்துக் கோத்த ஒரே வளையம். எந்த அட்டையையும் யாரும் எண் சொல்லிக் கூப்பிடவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையாவது என்று கேட்கத்தானே இவ்வளவு நேரம் மல்லுக்கட்டினேன்? முன்னால் இருப்பது யார் என்று தெரிந்தால் போதுமே. அந்த ஏழை ஷெல்லுக்கும் சொந்தமாக ஒரே ஒரு வரிசை உண்டு. அதை நிரப்ப set என்று ஒரு சொல், அதன் தலையைக் கழற்ற shift என்று ஒரு சொல். கழற்றுவதற்கு முன் தலையை வாலிலும் சேர்த்துவிட்டால் வளையம்.

set -- "$@" "$1"
shift

இரண்டே வரி. உடனே அடித்தேன். மின்சாரம் போனாலும் இடம் மறக்காதபடி, ஒவ்வொரு சுற்றுக்கும் வரிசையை அப்படியே ஒரு கோப்பில் எழுதிவைக்கவும் சொன்னேன். தறியை ஓட்டாமல் பெட்டியை மட்டும் சோதித்து, யாளி முன்னால் நின்றபோது பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பச் சொருகினால் அதே யாளி. வரிசையை மயிலுக்குத் திருப்பிவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"எத்தினியாவதுல இருக்குது?" என்றாள்.

"நம்பரே இல்லமா. மயிலு முன்னாடி இருக்குது, அவ்ளோதான்."

நம்பாமல்தான் மிதித்தாள். மயிலின் கால் வந்தது, கழுத்து வந்தது. யாளி, மாங்காய் எல்லாம் முடிந்து அன்னம் தானாக முன்னால் வந்தபோது நான் கைதட்டிவிட்டேன். அவள் கணவர் தறியை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார்.

ஒன்பதாம் நாள் புடவை தறியை விட்டு இறங்கியது. மணப்பெண்ணின் அம்மா பாயில் விரித்து, புட்டா புட்டாவாக விரலை ஓட்டினார். பிரித்து நெய்த மயிலிடம் விரல் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அந்த விரலையே பார்த்தோம். விரல் நிற்காமல் போய்விட்டது. பிறகு அந்த அம்மா, கூட வந்திருந்த மணப்பெண்ணின் தங்கையைக் காட்டி, நெய்தவளிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அடுத்த பொடவைக்கு ஏழு புட்டா கேக்கறாங்க. உன் பொட்டி தாங்குமா?"

தாங்கும் என்று தலையாட்டினேன். வரிசையின் வாலில் இன்னும் இரண்டு பெயரைச் சேர்த்தால் போதுமே.