விருந்தாளிக்குப் பிரித்த பாக்கெட்

எங்கள் தெருவில் பெரியவர்கள் யாரும் பிஸ்கட் தின்பதில்லை. அத்தை வீடு வீடாகக் கேட்டு எழுதியதை நம்பினால் அப்படித்தான்.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. காரைக்காலுக்கு பஸ்ஸில் போய் உணவியல் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். பாக்கெட்டில் அடைத்து விற்கும் தீனியைப் பெரியவர்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. வாரத்துக்கு எத்தனை முறை சிப்ஸ், நூடுல்ஸ், கூல்டிரிங்ஸ் என்று கேள்வித்தாள் வரிசையாகக் கேட்கும். கோடை விடுமுறை என்பதால் நானும் வாலாகப் பின்னால் போனேன். எனக்கு அப்போது எட்டு வயது.

போன இடமெல்லாம் ஒரே பதில். “நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்? பழைய சோறும் மோரும்தான்.” சொல்லி வாய் மூடுவதற்குள் உள்ளேயிருந்து தட்டு வந்துவிடும், கிரீம் பிஸ்கட்டும் மிக்சருமாக. வந்தவரை வெறும் வாயோடு அனுப்பினால் எங்கள் பக்கம் மரியாதை போய்விடும். அத்தை ஒன்றைக் கடிப்பாள். மீதியை நான் பார்த்துக்கொள்வேன். அந்த ஆய்வில் மனதார ஈடுபட்டது நான் ஒருத்திதான்.

கல்லூரியில் பேராசிரியை தாள்களைப் புரட்டிவிட்டு, யாருமே தின்னாத ஊரில் எதை அளப்பது, வேறு தலைப்பு எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். வேறு தலைப்பு என்றால் இன்னொரு வருஷம். அவ்வளவு நாள் வீட்டில் பொறுக்கமாட்டார்கள். சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். படிப்பு பாதியில் நின்றுவிடும். அத்தை யாரோடும் பேசாமல் சுற்றி வந்தாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவே இல்லை.

இதற்குள் காரைக்கால் கோயிலில் மாங்கனித் திருவிழா வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள். அவர்கள் போன பிறகு, பிரித்த பிஸ்கட் பாக்கெட்டுகள் நமத்துப்போய் அடுக்களை டப்பாவில் கிடந்தன. இரண்டொரு நாளில் டப்பா காலி. அத்தை காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்து, ‘சாப்பிடுகிறீர்களா’ என்ற கேள்வியை அடித்துவிட்டு, ‘வந்தவர்களுக்குப் பிரித்ததில் மிச்சத்தை யார் முடித்தது’ என்று எழுதினாள். அந்த மூளையை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

முதலில் மாட்டியது அப்பா. அவருக்குச் சர்க்கரை நோய். காப்பியில் ஒரு சிட்டிகை சீனி விழுந்தாலும் அம்மா விடமாட்டாள். பாக்கெட் தீனியெல்லாம் விஷம் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லுகிறவர் அவர். அரசாங்க அலுவலகத்தில் வேலை என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் மனு எழுதி வாங்க நாலைந்து பேர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அத்தை அவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

“அண்ணே, திருவிழாவுக்குப் பிரிச்ச பிஸ்கட்டுல மிச்சத்த யாரு முடிச்சது?”

அப்பா பேனாவை மூடினார். அத்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நான்தான். வீணாப் போவுதேன்னு தின்னேன்” என்றார். “இன்னும் இருக்கும்மா, எழுதிக்க. பஸ் ஸ்டாண்டு பேக்கரில தெனம் சாயந்தரம் ஒரு பப்ஸ். வெயிலா இருந்தா ஒரு கூல்டிரிங்ஸ்.”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.  கூடத்தில் அடக்கமுடியாமல் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு விவசாயி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, “சாரே திங்கிறப்ப நமக்கென்ன வெக்கம்? வயல்ல எனக்கு மத்தியானச் சாப்பாடே டீயும் பிஸ்கட்டும்தான். எழுதிக்கம்மா” என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர், பேரனின் சிப்ஸில் பாதி தன்னுடையது என்றார்.

விஷயம் தெரு முழுக்கப் பரவியது. அத்தை மறுபடி வீடு வீடாகப் போனாள். இந்த முறை தட்டும் வந்தது, உண்மையும் வந்தது. ஆய்வு தேறியது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அப்பாவே பதில் சொல்லி அனுப்பினார். அத்தை இன்று வெளியூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள்.

அம்மா மட்டும் அப்பாவோடு ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை. சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுக்கே போய் அவரைக் கையோடு கூட்டிவந்தாள். ஒருநாள் நான் அப்பாவிடம், “அத்தைகிட்ட நல்லா மாட்டிக்கிட்டீங்கப்பா” என்றேன். “ஆமா, ஒங்க அத்த கெட்டிக்காரி” என்றார், சிரித்துக்கொண்டே.

பல வருஷம் நான் அதை அப்படியே நம்பியிருந்தேன். அத்தை கேட்டது பிஸ்கட்டை மட்டும்தான், பப்ஸைப் பற்றி அப்பாவிடம் யாருமே கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.