பாய் முதலில் அனுப்பியது

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மாதம். அப்போது நெமிலிச்சேரியில் வாடகை வீட்டில் குடியிருந்தேன். ஆவடியில் ஃபிட்டர் வேலை. எந்தச் சாமியையும் கும்பிடாதவன் என்று தெருவுக்கே தெரியும்.

பக்கத்து வீட்டு பாய், பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை டீ குடித்தபடி அவரோடு வாதம் செய்வது எனக்கு வழக்கம். நோன்பு நேரத்தில் ஒருமுறை, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தால் யாருக்குத் தெரியும் என்று சீண்டினேன். “எனக்குத் தெரியுமே நைனா” என்று சிரித்தார். அவருக்குக் கோபமே வராது.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் மழை விட்டும், ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மனைவியையும் மகளையும் ரயில் பாதை மேட்டில் விட்டுவிட்டு பாயைத் தேடி ஓடினேன். அவர் மனைவி பிரசவத்துக்காகப் பூந்தமல்லியில் தாய்வீட்டில் இருந்தார். பாய்க்கோ பஸ்ஸிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு. தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது.

முதுகைக் காட்டிக் குனிந்தேன். அவர் ஏறவில்லை. அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். பச்சைத் துணியில் சுற்றிய குர்ஆன்.

“இரு நைனா. மொத நட அத்த எட்துகினு போ.”

எனக்கு வந்ததே ஆத்திரம்! “தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு பாய். உங்க உசுரு முக்கியமா, அது முக்கியமா?”

“என்ன முதுகுல தூக்குனா உன் ரெண்டு கையும் மாட்டிக்கும், உன் கழுத்த புட்ச்சிக்க எனக்கும் ரெண்டு கை வேணும். நா நனைஞ்சா துணிய மாத்திக்கலாம். அது நனைஞ்சா இன்னா பண்றது?”

“நான் திரும்பி வர முடியாமப் போனா?”

“நீ வருவே.”

அவ்வளவுதான் சொன்னார். தெருமுனையில் பஸ் வரும் என்று சொல்வது போல.

இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இறங்கினேன். காலால் தடவித் தடவி நடந்தேன். சிறு பாலத்தருகே பள்ளம் தெரியாமல் கால் வைத்து, மூக்குவரை மூழ்கினேன். வாயெல்லாம் சேற்றுத் தண்ணீர். எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் எவனுக்கும் கை போகும். என் கைகள் இறங்கவே இல்லை. எப்படி நின்றன என்று எனக்கே புரியவில்லை. ஓர் எட்டு எம்பி, அடுத்த காலுக்குத் தரை கிடைத்தது.

மேட்டில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு நின்ற ஓர் அம்மா, பச்சைத் துணியைப் பார்த்ததும் முந்தானையின் நனையாத பக்கத்தை விரித்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

திரும்பிப் போனபோது தண்ணீர் பாயின் இடுப்புவரை ஏறியிருந்தது. கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். என் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

“நனையலயே?”

“நனையல பாய்.”

பிறகுதான் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் கயிற்றோடு இரண்டு பேர் வந்து கைகொடுக்க, மேடு ஏறினோம்.

எனக்கு இன்றும் கடவுள் நம்பிக்கை வரவில்லை, அவரும் வரவழைக்கப் பார்த்ததில்லை. ஆனால் உயிரைவிடப் பெரிதாக நினைத்த ஒன்றை, அதை நம்பாதவன் கையில் கொடுத்துவிட்டு, ஏறும் தண்ணீரில் அமைதியாக உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் வாதமெல்லாம் அடங்கி, மலைப்பு ஒன்றுதான் மிஞ்சுகிறது.